தலைதீபாவளிப் பாக்கி

முதலில் தவறு செய்தது கிசோங்தான்.

உச்சிமாகாளி அதை யாரிடமும் மறைத்ததில்லை. கொரியாவில் மலைக்கோயிலுக்குப் போன முதல் நாளே அங்கிருந்த புத்த பிக்குணியிடம் சொல்லிவிட்டார்.

"தலைதீபாவளிக்கு வரல்ல சாமி."

"யார் வரவில்லை?"

"எம் மகளைக் கட்டினவன். உங்க ஊர்க்காரன்."

பிக்குணியின் பெயர் ஹேவோன். கொரியாக்காரர். இளம் வயதில் காஞ்சிபுரத்தில் தங்கிப் படித்தவர். அதனால் தமிழ் பேசுவார். பாடப்புத்தகத்தில் இருக்கிற தமிழ். உச்சிமாகாளியைவிட நிறைய இளையவர். உச்சிமாகாளி வயதைப் பார்க்கவில்லை. சாமி என்றே கூப்பிட்டார்.

"அவர் ஏன் வரவில்லை?"

"கம்பெனியில லீவு குடுக்கல்லயாம். அடுத்த வருஷம் வாரேன்னானாம். தலைதீபாவளிக்கு அடுத்த வருஷம் ஏது சாமி?"

ஹேவோன் கொஞ்சம் யோசித்தார்.

"இல்லைதான்," என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காகவே உச்சிமாகாளிக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. அதுவரை எல்லாரும் 'போனாப் போகட்டும்' என்றுதான் சொல்லியிருந்தார்கள்.



உச்சிமாகாளிக்குப் பாவூர்சத்திரத்தில் தண்ணீர் மோட்டாருக்குச் செப்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கடை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. மகள் வடிவைப் பெற்ற சில நாளிலேயே மனைவி இறந்துபோனாள். ஒரு கையில் செப்புக்கம்பி, ஒரு கையில் பிள்ளை என்று வளர்த்தார்.

அந்த வடிவு சென்னைப் பக்கம் வேலைக்குப் போன இடத்தில் கிசோங்கைப் பார்த்தாள். உச்சிமாகாளி மறுப்புச் சொல்லவில்லை. ஊர் கூட்டிக் கல்யாணம் செய்து வைத்தார். தீபாவளிக்கு முன்பே அவனைச் சொந்த நாட்டுக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு பேரும் கிளம்பிப் போனார்கள்.

வருவதாகச் சொல்லித்தான் போனார்கள்.

வரவில்லை என்று போன் வந்தது முந்தின நாள் சாயங்காலம். புதுவேட்டி மஞ்சள் தடவி மடித்திருந்தது. மணையைக் கழுவிக் காயவைத்திருந்தார். மறுநாள் விடியுமுன் எழுந்து, நல்லெண்ணெயில் மிளகும் ஓமமும் போட்டு, யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்தே காய்ச்சினார்.

மணையில் யாரும் உட்காரவில்லை. எண்ணெய் ஆறிப்போயிற்று.

தெருவே பார்த்தது.



அதற்கப்புறம் மாப்பிள்ளை என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. அவன், இவன்தான்.

இப்போது வடிவுக்கு எட்டாம் மாதம். விமானத்தில் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போக முடியவில்லை. அதனால் தாய்வீடு பெண்ணிடம் வந்தது. தாய்வீடு என்பது உச்சிமாகாளி ஒருவர்தான்.

பெட்டியில் பேறுகால மருந்தும், பிறக்கப்போகும் பிள்ளைக்கு வசம்பும் கொண்டுவந்தார். விமான நிலையத்தில் ஒருவர் வசம்பை எடுத்து மோந்து பார்த்தார். கிழங்கு, வேர் எதுவும் நாட்டுக்குள் வரக்கூடாது என்று எடுத்து வைத்துக்கொண்டார்.

அதையும் கிசோங் கணக்கில் ஏற்றினார் உச்சிமாகாளி.



"வீட்டில உக்காந்து என்னையவே பாத்துக்கிட்டு இருக்காதீங்க," என்று வடிவுதான் அவரைக் கோயிலுக்கு அனுப்பினாள். "அங்க ஒரு சாமி தமிழ் பேசுவாங்க."

"இவன் பாஷையைச் சொல்லித் தருவாங்களா?"

வடிவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அவரோட பேசப் போறீங்களாப்பா?"

"ஏசப் போறேன்."

அவர் திட்டம் அதுதான். மகள் நடுவில் நின்று சொன்னால் சரிப்படாது. இங்கிருந்து மிளகாய் போகும், அங்கே சர்க்கரையாய்ப் போய்ச் சேரும். இத்தனை மாதமும் அப்படித்தான் நடந்தது. அவன் பாஷையிலேயே, அவன் முகத்துக்கு நேரே, ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அதற்கு அவன் தலை குனிய வேண்டும்.

"இத்தனை நாளும் மொதல்ல அவன் பேசட்டும்னு சொன்னீங்க," என்றாள் வடிவு. "அவரு தெனம் பேசத்தான் செய்தாரு. உங்களுக்குத்தான் வெளங்கல்ல."

"வெளங்குத மாதிரிப் பேசணும்."

வடிவு சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"அப்பா. அம்மாவுக்கு ஆன மாதிரி எனக்கும் ஏதாவது ஆச்சுன்னா, நீங்க ரெண்டு பேரும் பேசாமலே எப்படிப் பிள்ளை வளப்பீங்க?"

"வாயை மூடு," என்றார் உச்சிமாகாளி.





தினமும் காலையில் கிசோங் வேலைக்குப் போகும் வழியில் அவரைக் கோயில் அடிவாரத்தில் இறக்கிவிடுவான். மத்தியானம் வந்து கீழேயே காரில் காத்திருப்பான். உச்சிமாகாளி பின் சீட்டில்தான் உட்காருவார். முன் சீட்டுக் கதவை அவன் தினமும் திறந்து வைப்பான். அவர் தினமும் பின் கதவைத் திறப்பார்.

"இன்னொண்ணு கேளுங்க சாமி. காலங்காத்தால கதவைத் திறந்துவச்சு, 'எரிஞ்சு போ'ங்கான்."

ஹேவோனுக்கு அதிர்ச்சியாக இருந்தது. "என்ன சொல்கிறார்?"

"'தாசேயோ'ன்னு சொல்லுதான். அடுப்பில சோறு தீயும்போது வடிவு அவன்கிட்ட 'தாதா'ன்னு சொல்லுவா. எனக்குத் தெரியும்."

பிக்குணி சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. மழித்த தலை வரைக்கும் சிவந்துவிட்டது.

"அது வேறு தாதா. இது வண்டியில் ஏறுவது. ஏறிக்கொள்ளுங்கள் என்று மரியாதையாகச் சொல்கிறார்."



"ரெண்டுக்கும் ஒரே சொல்லா?"

"தேநீரில் பொடி கலக்குவதும் தாதாதான்."

"என்ன சாமி பாஷை இது," என்றார்.

ஒரு குற்றம் கணக்கிலிருந்து கழிந்துவிட்டதில் அவருக்குச் சற்று வருத்தம்.



"நீங்கள் அவரிடம் என்ன சொல்ல வேண்டும்?" என்று கேட்டார் ஹேவோன்.

உச்சிமாகாளி தயாராக வைத்திருந்தார். "உன் தலைக்கு ஊத்த எண்ணெய் காச்சி வச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன். நீ வரல்ல. அவ்வளவுதான்."

"நாங்கள் எண்ணெய் தேய்ப்பதில்லை. தலை அலசுவோம் என்றுதான் சொல்லலாம்."

"அது போதும்."

"மோரி காம்தா. மோரி என்றால் தலை."

"மோரி காம்தா."

"கண் என்றால் நுன். நுன் காம்தா என்றால் கண்ணை மூடுவது."

உச்சிமாகாளி நிமிர்ந்து பார்த்தார்.

"நூல் என்றால் சில். சில் காம்தா என்றால் நூல் சுற்றுவது. நீங்கள் செப்புக்கம்பி சுற்றுகிறீர்களே, அதுவும் காம்தா."

"திரும்பவுமா?"

"திரும்பவும்தான்."

"கண்ணுக்கும் தலைக்கும் கம்பிக்கும் ஒரே சொல்லை வச்சிக்கிட்டு எப்படி சாமி குடும்பம் நடத்துதீங்க?"

"ஒரே சொல் இல்லை. மூன்று சொற்கள். மூன்றும் வேறு வேறு வீட்டில் பிறந்தவை. நடந்து நடந்து முகம் ஒன்றுபோல் ஆகிவிட்டது."

"அப்படின்னா எது எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கது?"

ஹேவோன் எழுந்து போய்த் தேநீர் கொண்டுவந்தார். இரண்டு கிண்ணம். இரண்டும் ஒரே வெள்ளை. உச்சிமாகாளி ஒன்றைக் கையில் எடுத்தார், சுட்டது, வைத்துவிட்டு மற்றதை எடுத்தார்.

"பார்த்ததும் தெரிந்ததா?" என்றார் ஹேவோன்.

"தொட்டாத்தான தெரியும்."

ஹேவோன் ஆறின கிண்ணத்தை அவரிடமே விட்டுவிட்டுச் சூடான கிண்ணத்தை எடுத்துக்கொண்டார். அன்றைய பாடம் முடிந்தது.

உச்சிமாகாளிக்குப் பாடம் நடந்தமாதிரியே தோன்றவில்லை.



வாக்கியம் கொஞ்சம் கொஞ்சமாகத் தயாரானது.

காலையில் காரின் பின் சீட்டில் உட்கார்ந்து வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்ப்பார். முன்னால் கிசோங்கின் பின்னந்தலை தெரியும். கறுத்த முடி, நேராக வெட்டின பிடரி. அதைப் பார்த்தே மனப்பாடம் செய்தார். அந்தத் தலைக்கு அந்த வாக்கியம் எப்படிப் பொருந்தும் என்று அளவெடுத்தார்.

ஆனால் பாதி வழியில் குழம்பிவிடும். தலையா, கண்ணா, கம்பியா என்று மூன்றும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும்.

"தப்பாச் சொல்லிட்டா என்ன ஆகும் சாமி?"

"உன் கண்ணை மூட எண்ணெய் காய்ச்சினேன் என்று ஆகலாம்."

"கொலைகாரன்னு நினைச்சிருவான்."

"நினைக்கலாம்."

"சாமி, உங்களுக்கு முடி இல்லை. முடி இல்லாதவங்க தலை அலசச் சொல்லித் தந்தா இப்படித்தான்."

ஹேவோன் தம் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "உண்மை," என்றார்.



ஒரு நாள் காலை அவர் மேலே போனபோது கோயில் முற்றத்தில் பெரிய இரும்புக் கொப்பரை ஏற்றியிருந்தது. அடியில் தீ. பக்கத்தில் குளத்திலிருந்து பிடுங்கின கோரை மாதிரி நீள இலைகள், வேரோடும் சேற்றோடும்.

"இன்றைக்குப் பாடம் இல்லை," என்றார் ஹேவோன். "எங்கள் கணக்கில் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள். தானோ என்போம். ஊரார் வந்து தலை அலசிக்கொள்வார்கள். இலைகளைக் கழுவித் தருகிறீர்களா?"

உச்சிமாகாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சேற்றை உருவினார். ஒரு வேர் கையில் ஒடிந்தது.



பிறகு மெதுவாகக் கையை மூக்கருகே கொண்டுபோனார்.

"சாமி. இது எங்க கிடைச்சுது?"

"இங்கே குளத்தில்தான். எப்போதும் வளரும். சாங்போ என்போம். தமிழில் பெயர் எனக்குத் தெரியாது."

"வசம்பு," என்றார் உச்சிமாகாளி.

 எல்லா வேரையும் கழுவினார். கழுவினதையே திரும்பக் கழுவினார்.

பெற்றவள் இல்லாத வீட்டில், காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே பிள்ளையைக் குப்புறப் போட்டுத் தண்ணீர் ஊற்றியது ஞாபகம் வந்தது. யாரும் சொல்லித் தரவில்லை. முதல் நாள் பிள்ளையைவிட அவர்தான் அதிகம் அழுதார். குளிப்பாட்டி முடித்து, சுட்ட வசம்பை உரசிக் குழந்தை காலிலும் கையிலும் தடவுவார். வசம்பு மணம் அவர் கைவிட்டுப் போகாது. அந்தக் கையோடுதான் கடைக்குப் போய் மோட்டாரைப் பிரிப்பார். காயில் கட்டவந்த வயற்காட்டுச் சம்சாரிகள், கடையில் பிள்ளை மணம் அடிக்குதே என்பார்கள்.

கொப்பரை கொதித்தது. முற்றம் முழுக்க அந்த மணம்.



ஊரார் வர ஆரம்பித்தார்கள். ஹேவோன் தண்ணீரை விளாவி, பாதியாய் வெட்டின சுரைக்குடுக்கையில் மொண்டு ஊற்றினார். நாலைந்து தலை ஆனதும் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"கை வலிக்கிறது. நீங்கள் ஊற்றுங்கள்."

"நானா? எனக்கு உங்க வழமை தெரியாதே."

"தலை. தண்ணீர். அவ்வளவுதான்."

உச்சிமாகாளி சுரைக்குடுக்கையை வாங்கினார்.

ஒரு தலை வந்து குனிந்தது. ஊற்றினார். விரலை விட்டுத் தேய்த்தார். அது போயிற்று, அடுத்தது வந்தது. முகம் பார்க்க நேரமில்லை. குனிந்து வந்து குனிந்தே போனார்கள். மேலிருந்து பார்த்தால் நனைந்த தலைகள் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. ஆணா, பெண்ணா என்றுகூடச் சட்டென்று தெரியவில்லை. கையை வைத்தால்தான் தெரிந்தது. ஒன்று வயலில் காய்ந்த தலை. ஒன்று பயந்த தலை. ஒன்று அவரை முழுசாக நம்பி, கனத்தையெல்லாம் அவர் கையில் இறக்கிவிட்ட தலை.

கொஞ்ச நேரத்தில் அவருக்குத் தாமறியாமல் பழைய கை வந்துவிட்டது. வலது கை ஊற்ற, இடது கை அவர்கள் நெற்றியில் அணை போட்டது. தண்ணீர் கண்ணில் இறங்காமல் காதோரம் வழிந்தது.

சிலர் நிமிர்ந்து போகும்போது அந்தக் கையைத் திரும்பிப் பார்த்தார்கள். பெரியவர்களுக்கு யாரும் அப்படி ஊற்றுவதில்லை போலிருக்கிறது.

இன்னொரு தலை வந்து குனிந்தது.

ஊற்றினார். நெற்றியில் கை வைத்தார். தேய்த்தார். இது களைத்த தலை. தூங்காத தலை. விரல் பட்டதும் கழுத்து நரம்பு தளர்ந்து, இரும்பு மாதிரி இருந்தது மெல்ல இறங்கிற்று. பாவம், எந்த வீட்டுப் பிள்ளையோ என்று நினைத்தார். பிடரியிலும் இரண்டு தரம் கூடுதலாகத் தேய்த்துவிட்டார்.

"மாமா," என்றது தலை. "சூடு."

தமிழில்.



உச்சிமாகாளியின் கை நின்றது.

நேராக வெட்டின பிடரி. தினமும் காலையில் பார்த்த பிடரி.

கீழே காரை நிறுத்தி, சாவியை வேலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அரைநாள் லீவு கேட்டு வந்து, வரிசையில் நின்றிருக்கிறான். நின்றது அவருக்குத் தெரியவில்லை. ஹேவோனுக்குத் தெரிந்திருக்கும். ஹேவோன் அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தார். கிளற அதில் ஒன்றும் இல்லை.

வாக்கியம் உச்சிமாகாளியின் நாக்கு நுனியில் இருந்தது. முழுதாக, பிசகில்லாமல். தலை, எண்ணெய், வரவில்லை என்று எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. எத்தனையோ நாளாய்க் குனிய வேண்டும் என்று நினைத்த தலை, முன்னால் குனிந்திருந்தது.

கண் மூடியிருந்தான். மூடு என்று யாரும் சொல்லவில்லை. தண்ணீருக்குக் கீழே தலையைக் கொடுத்தவன், தானாக மூடிக்கொண்டு, யார் கை என்று தெரிந்தே மூடிக்கொண்டு, அசையாமல் இருந்தான்.

அவருடைய இடது கை அவன் நெற்றியில் இருந்தது. எடுத்தால் தண்ணீர் கண்ணில் இறங்கும்.

எடுக்கவில்லை.

பக்கத்து வாளியிலிருந்து பச்சைத் தண்ணீர் சேர்த்து விளாவினார். முழங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். பிள்ளைக்குப் பார்க்கிற மாதிரி.

ஊற்றினார்.

"இப்பச் சரியா?"

கிசோங்குக்கு அது புரிந்ததோ என்னவோ, தலையை ஆட்டினான்.

 உச்சிமாகாளி குரலைக் கடுமையாக்கிக்கொண்டார். விட்டுக்கொடுத்ததாக யாரும் நினைத்துவிடக்கூடாது.

"இந்தா பாருங்க மாப்ள," என்றார். கொரியா பாஷை வரவில்லை. பாவூர்சத்திரத்துத் தமிழ்தான் வந்தது. "இது எண்ணெய் இல்லை, தண்ணி. இது தீபாவளியும் இல்லை. கணக்கில சேராது. தலைதீபாவளி பாக்கி பாக்கிதான்."

கிசோங்குக்கு மாப்ள என்பது மட்டும் பிடிபட்டது. குனிந்தபடியே, மூடின கண்ணோடு, ஹேவோனிடம் ஏதோ கேட்டான். மாமா என்ன சொல்கிறார் என்று கேட்டிருப்பான்.

ஹேவோன் அடுப்பருகிலிருந்து சின்னதாக ஒரு பதில் சொன்னார்.

அதில் நுன் இருந்தது. காம்தாவும் ஏதோ ஒரு வடிவத்தில் இருந்தது. 'மாமா கண்ணை நன்றாக மூடிக்கொள்ளச் சொல்கிறார்' என்று சொல்லியிருக்கிறார்.

உச்சிமாகாளிக்கு அது ஒரு நொடிகூடக் குழம்பவில்லை.

"சாமி, பொய் சொல்லுதீங்க," என்றார்.

"ஆமாம்," என்றார் ஹேவோன்.

கிசோங் கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டான்.

உச்சிமாகாளி அடுத்த குடுக்கையை மொண்டார்.